சவாரித் திடலும் என் மூச்சுக்குழாயும்

மாட்டுவண்டில் சவாரிக்கு அறிவிப்புச் செய்கிறவனுக்கு வாய் வேண்டும், கண் வேண்டும், வெட்கம் இருக்கவே கூடாது. இந்த மூன்று தகுதியும் எனக்கு அளவுக்கு மிஞ்சியே இருந்தன. நான்காவதாக மூச்சு என்று ஒன்றும் வேண்டும் என்பது அறுபது வயதை நெருங்கும்வரை எனக்குத் தெரியாது. அது சும்மா கிடைக்கிற பொருள் என்றுதான் நினைத்திருந்தேன்.

உடையார்கட்டில் எனக்குச் சின்னதாக ஒரு லவுட்ஸ்பீக்கர் கடை இருக்கிறது. கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் கட்டுவேன். ஓட்டோவில் ஹோர்னை வைத்து மரண அறிவித்தல் சொல்லிப் போவதும் நான்தான், காணாமல்போன மாட்டின் குறி சொல்லித் தேடுவதும் நான்தான். ஆனால் ஊரில் என்னைப் பற்றிக் கேட்டால் யாரும் கடையைச் சொல்லமாட்டார்கள். "சவாரிக்குக் கத்துறவர்" என்பார்கள். அதைக் கேட்டு நான் கோபிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வேன். உள்ளுக்குள் தேன் குடித்த மாதிரி இருக்கும்.

சவாரி பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நீட்டுக்கு ஒரு திடல். ஒரு தொங்கலில் இரண்டு வண்டில்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவார்கள். கொடி விழுந்ததும் இரண்டு சோடி நாம்பன் மாடுகளும் மற்றத் தொங்கலில் உள்ள கோட்டை நோக்கிப் பறக்கும். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். என் வித்தை என்னவென்றால், கொடி விழும்போது நெஞ்சு நிறைய ஒரு மூச்சை எடுத்தேன் என்றால், வண்டில் கோட்டைத் தாண்டும்வரை இடையில் இன்னொரு மூச்சு எடுக்கமாட்டேன். எந்த ஊர் வண்டில், யாருடைய மாடு, எது முந்துகிறது, எது பிந்துகிறது, யாருடைய சால்வை பறந்துவிட்டது, எல்லாம் அந்த ஒரே மூச்சுக்குள் வந்துவிடும். வேலிக்கரையில் நிற்கிற பொடியள் இதை ஒரு விளையாட்டாக்கி வைத்திருந்தார்கள். நான் தொடங்கும்போது அவர்களும் "ஊ" என்று ஒரு சத்தத்தைத் தொடங்கி, மூச்சை அறுக்காமல் என்னோடு இழுத்துக்கொண்டு வருவார்கள். பாதித் திடலில் ஒவ்வொருவனாக வாயைப் பிளப்பான். அதைப் பார்க்கிற பெருமைக்காகவே பல போட்டிகளில் நான் மாட்டைப் பார்க்காமல் பொடியளைப் பார்த்திருக்கிறேன்.

என் மச்சானைப் பற்றியும் சொல்லவேண்டும். மனைவியின் தமையன். தான் பழஞ்சோறு தின்று, வெள்ளையும் சிவலையுமாகத் தன் இரண்டு நாம்பன்களுக்கு முட்டையும் உழுந்தும் ஊட்டுகிறவன். என் சத்தம் கேட்டால்தான் தன் மாடு வீறுகொண்டு ஓடும் என்பது அவனுடைய நம்பிக்கை. "மச்சான், கொடியடியில மட்டும் ஸ்பீக்கர் கட்டினால் காணாது. ஓடேக்க மாட்டுக்குக் கேக்க வேணும்" என்று சொல்லி, திடலின் முக்கால்வாசித் தூரத்தில் நிற்கிற பனையில் தனியாக ஒரு பெரிய ஹோர்ன் கட்டுவித்தான். ஒரு மனிதனின் குரலுக்கு இதைவிடப் பெரிய மரியாதை உண்டா? அந்த ஹோர்னுக்கு மட்டும் நான் வாடகை எடுப்பதில்லை.

ஒவ்வொரு வருடமும் மச்சானின் சோடி கடைசிப் போட்டிவரை வரும். ஒவ்வொரு வருடமும் கடைசிப் போட்டியில் தோற்கும். அந்தப் பனையடிக்கு வந்ததும் வெள்ளை நாம்பன் ஒரு பக்கம் சரியும், வண்டில் ஒருமுறை ஆடும். முதற்போட்டிகளில் எதிரி நோஞ்சானாக இருப்பான், ஆடினாலும் வென்றுவிடலாம். கடைசிப் போட்டியில் அந்த ஆட்டத்துக்குள் மற்றவன் போய்விடுவான். பனையில் முனி இருக்கிறது என்று ஊர் முடிவு கட்டியது. வேறு மாடுகளும் அதில் தலையை வெட்டுவதுண்டு. பனையடியில் எலுமிச்சம்பழம் வெட்டினோம். வண்டில் ஓட்டுகிறவனை மாற்றினோம். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தோம். முனி அசையவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் ஒரு வருடம் சவாரியின் நடுவில் என் குரல் நின்றது. வண்டில்கள் பாதித் திடலைத் தாண்டவில்லை. வாய் அசைகிறது, சொல் வரவில்லை. வயர் லூஸ் என்று சொல்லி மைக்கைத் தட்டிக் காட்டினேன். அடுத்த போட்டியிலும் வயர் லூஸானது. மூன்றாவது தடவை வேலிக்கரையில் ஒரு பொடியன் நான் நிறுத்திய பிறகும் "ஊ" என்று இழுத்துக்கொண்டே நின்று, என்னை வென்றுவிட்டேன் என்று குதித்தான். அவனுக்கு ஒரு குட்டு வைத்தால் என்ன என்று தோன்றியது.

வீட்டில் முதலே அறிகுறிகள் இருந்தன. கடைக்குச் சைக்கிள் மிதிக்கும்போது எதிர்க்காற்று அடித்தால் இறங்கி உருட்டுவேன். படுத்தால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். "ஸ்பீக்கரை ஓஃப் பண்ணிப்போட்டுப் படுங்கோவன்" என்று மனைவி சொல்லுவாள். எங்கள் பக்கத்தில் இதைத் தொய்வு என்பார்கள், முட்டு என்பார்கள். அது கிழவர்களுக்கு வருகிற வருத்தம் என்று நான் நம்பியிருந்ததால், எனக்கு வந்திருப்பது அதுவாக இருக்க நியாயமில்லை.

சவாரிக்கு முன்னால் சவாரிக் குழுவினர் அறிவிப்பாளனை வீட்டுக்கு வந்து வெத்திலைத் தட்டத்தோடு அழைப்பது எங்கள் ஊர் முறை. அடுத்த வருடம் வந்தார்கள், தட்டம் வரவில்லை. கதிரையில் நுனியில் இருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்கள்.

"அண்ணை, குறை நினைக்கக் கூடாது. புட்போல் மட்சுக்கு அறிவிப்புச் செய்யிற தம்பி ஒருத்தர் புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கிறார். இந்தமுறை முதற்போட்டியளை அவர் செய்யட்டும். கடைசிப் போட்டியை நீங்கள் செய்யுங்கோ. முழுக்கச் செய்து முடிச்சியள் எண்டால் வாற வருசமும் வெத்திலை உங்களுக்குத்தான்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி மைக்கைத் தம்பியிட்டைக் குடுத்திடுங்கோ."

சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். அவர்கள் போனபிறகு கடைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு இருந்தேன். பயமாக இருந்தது. சண்டை முடிந்து முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பியபோது எனக்கு வீடும் இல்லை, கடையும் இல்லை. தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்தோம். அந்த வருடம் யாரோ துணிந்து ஒரு சவாரி வைத்தார்கள். இரவல் மைக்கை ட்ரக்டர் பற்றறியில் கொழுவி நான் கத்தினேன். ஊருக்குச் சத்தம் திரும்பி வந்தது அன்றைக்குத்தான் என்று ஆட்கள் சொன்னார்கள். அந்தச் சத்தம் நான். மைக் போய்விட்டால் நான் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிற வயதுபோன ஒரு மனிதன், அவ்வளவுதான்.

மனைவி என்னைப் பெரியாஸ்பத்திரி நெஞ்சுக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். முதலில் ஒரு சின்ன அறை. குழாய் ஒன்றை வாயில் கொடுத்து, மூக்குக்குக் கிளிப் போட்டு ஊதச் சொன்னார் அங்கிருந்த இளைஞர். சொன்ன விதம் இருக்கிறதே, நான் வாயைப் பிளந்துவிட்டேன். "எடுங்கோ, எடுங்கோ, நல்லா உள்ள எடுங்கோ, இப்ப ஊதுங்கோ, ஊதுங்கோ ஊதுங்கோ ஊதுங்கோ, இன்னும் இருக்கு, விடாதேங்கோ, தள்ளுங்கோ, தள்ளுங்கோ." நல்ல ஏற்ற இறக்கம். கடைசியில் ஒரு தூக்கல். ஒரு சோடி மாடு கிடைத்தால் இவன் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவான் என்று நினைத்துக்கொண்டு, ஊத மறந்து அவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

இரண்டாவது தடவை ஊதினேன். சரிவரவில்லை. மூன்றாவது தடவையும் சரிவரவில்லை. என்னுடைய தொழில் பழக்கம் அது. அறிவிப்பாளன் மூச்சை அவிழ்த்து விடமாட்டான். சீனி தட்டுப்பாடான காலத்தில் கடைக்காரன் சீனி நிறுக்கிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவான். கடைசிக் கோட்டுக்கு என்று ஒரு பிடி மிச்சமும் வைத்திருப்பான். அந்த மெசினுக்கு முன்னாலும் நான் மிச்சம் வைத்தேன்.

"ஐயா, மிச்சம் பிடிக்காதேங்கோ. எல்லாத்தையும் ஒரேயடியாத் தள்ளுங்கோ."

"அப்ப கடைசியில என்ன செய்யிறது, தம்பி?"

"கடைசியில ஒண்டும் செய்யத் தேவையில்லை. சும்மா இருங்கோ."

சும்மா இருப்பதற்கு எனக்குப் பயிற்சி போதாது என்று மனைவி அறைக்கு வெளியிலிருந்து சொன்னாள்.

ஒருவழியாக ஊதி முடித்து, அதன் படத்தோடு டொக்டரிடம் போனோம். சின்ன வயதுப் பெண். நோயில்லாத ஆளின் கோடு கூரைச் சரிவுபோல நேராக இறங்குமாம். என்னுடையது உடுப்புக் காயப்போடுகிற கயிறு மாதிரி நடுவில் தொங்கி, முடியாமல் நீண்டுகொண்டே போயிருந்தது.

"ஐயாவுக்கு மூச்சு இல்லாமல் இல்லை" என்றார் டொக்டர். "நெஞ்சு நிறைய இருக்கு."

அந்த இடத்திலேயே எழும்பி வந்திருந்தால் இன்றைக்கும் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

"வெளியில போகத்தான் வழியில்லை" என்று அவர் முடித்தார்.

பிறகு அவர் விளக்கியதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். நெஞ்சுக்குள் போகிற காற்றுக்குழாய் கிளை விட்டு, கிளை விட்டுச் சின்னச் சின்னக் குழாயாகப் போகிறது. அந்தச் சின்னக் குழாய்களைச் சுற்றி மெல்லிய தசை பட்டிபோல ஓடுகிறது. அது எங்கள் சொல் கேட்கிற தசை இல்லை. புகை பட்டால், புழுதி பட்டால், தானாக இறுகும். இறுகினால் குழாய் ஒடுங்கும். மூச்சை உள்ளே எடுக்கும்போது நெஞ்சுக்கூடு விரிந்து குழாயையும் இழுத்து விரிப்பதால் எப்படியோ காற்று போய்விடுகிறது. வெளியே விடும்போது நெஞ்சு சுருங்குகிறது, குழாயும் சுருங்குகிறது, இறுகின தசையும் சேர்ந்துகொள்கிறது. முழுக்க வெளியே போகமுதல் வழி மூடிவிடுகிறது.

"தறப்பாள் கொட்டில்ல இருந்திருப்பியள்தானே, ஐயா? சுத்திவர இழுத்துக் கட்டின கயிறுதான் அதை நிமித்தி வைச்சிருக்கிறது. கயிறு தளர்ந்தால் தறப்பாள் ஆளுக்கு மேல விழும். நுரையீரலும் குழாயைச் சுத்தி நிண்டு அப்பிடித்தான் இழுத்துப் பிடிக்குது. உங்கட கயிறு கொஞ்சம் தளர்ந்திட்டுது."

தறப்பாளைப் பற்றி வன்னியில் ஒருவனுக்கு விளக்கத் தேவையில்லை. எனக்கு உடனே விளங்கிவிட்டது.

"பழசு வெளியில போய் முடிய முந்தி நீங்கள் புதுசை எடுக்கிறியள். அதுக்கு மேல இன்னொண்டு. நெஞ்சு நிரம்பி நிரம்பி, கடைசியில எடுக்கவும் இடமில்லை, விடவும் வழியில்லை."

"வீட்டிலயும் அப்பிடித்தான், டொக்டர்" என்றாள் மனைவி. "ஒரு கதை முடிய முந்தி மற்றக் கதையைத் தொடங்கிடுவார்."

நெஞ்சு நிரம்பி நின்றால் இன்னொரு கரைச்சலும் இருக்கிறதாம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு தசை, பள்ளிக்கூடத்தில் பிரிமென்றகடு என்று படித்து மறந்தது, அதுதான் மூச்சை இழுக்கிற மாடு. அது மேலே வளைந்து நின்றால்தான் கீழே இழுக்கலாம். டொக்டர் என் கையை மடித்து நெஞ்சோடு வைத்து, "இப்ப கிணத்தில இருந்து வாளியை இழுங்கோ பாப்பம்" என்றார். எங்கே இழுப்பது? கை ஏற்கெனவே மடிந்துவிட்டது. கை நீண்டிருந்தால்தான் கயிறு வரும். என் பிரிமென்றகடு காற்று அமத்தித் தட்டையாகி, மடிந்த கை மாதிரி நிற்கிறது. அதனால்தான் மூச்சுப் போதவில்லை என்று தோன்றுகிறது. போதவில்லை என்று தோன்றுவதால் நான் இன்னும் எடுக்கிறேன். எடுக்க எடுக்க அது இன்னும் தட்டையாகிறது. இவ்வளவு காலமும் நான் வித்தை என்று நினைத்துக்கொண்டு எனக்கே குழி வெட்டியிருக்கிறேன்.

"சிகரெட் பிடிக்கிறனீங்களோ?"

"விட்டிட்டன்."

"எப்ப?"

"போன கிழமை" என்றாள் மனைவி.

வேறு என்ன புகை, என்ன தூசி என்று கேட்டார். நெல்லுச் சூடடிக்கிற மெசின் தூசி, திடல் புழுதி, ஜெனரேற்றர் புகை, குசினி விறகுப் புகை என்று அடுக்கினேன். குசினிப் புகை தன்னுடையது என்றும், நான் குசினிக்கு வருவது கோப்பையை நீட்ட மட்டும் என்றும் மனைவி திருத்தினாள். பிறகு, சண்டையின் கடைசி மாதங்களில் பதுங்குகுழிக்குள் இழுத்த புகை இருக்கிறது. சொல்லவா விடவா என்று யோசித்துச் சொன்னேன். டொக்டர் பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார்.

தசையை இளக்குவதற்கு வாய்க்குள் மருந்து அடிக்கிற பம் ஒன்று தந்தார்கள். அதை அடித்துவிட்டுத் திரும்ப ஊதியபோது கோடு கொஞ்சம் நிமிர்ந்தது, முழுக்க நிமிரவில்லை. "இறுகினது இளகும். தளர்ந்தது தளர்ந்ததுதான். அதோட சமாளிக்கப் பழகவேணும்" என்றார் டொக்டர். பழக வேண்டியது சுலபமான வேலை. மூக்கால் எடுத்து, சூட்டுத் தேத்தண்ணியை ஆற்றுகிற மாதிரி உதட்டைக் குவித்து, எடுத்ததைவிட நீளமாக மெதுவாக வெளியே விடவேண்டும். உதடு வாசலைக் குறுக்கினால் உள்ளே காற்றின் அமுக்கம் நின்று குழாய் மூடிக்கொள்ளாமல் இருக்குமாம். "சவாரியில இடைக்கிடை நிப்பாட்டி விடுங்கோ, ஐயா. விட்டால்தான் எடுக்கலாம்." ஓம் என்றேன். பொய். இடையில் நிறுத்துவதற்கு அவர்களுக்கு நான் எதற்கு?

ஒரு மாதம் போய்த் திரும்பக் கிளினிக்குக்குப் போனபோது நெஞ்சில் ஒரு மாற்றமும் இல்லை. பம்மை எப்படி அடிக்கிறீர்கள், காட்டுங்கள் என்றார் டொக்டர். காட்டினேன். அவர் பேனையை வைத்துவிட்டார். நான் பம்மை வாயிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, கொஞ்சம் சரித்துப் பிடித்து அடித்துக்கொண்டிருந்தேன். மைக்கை அப்படித்தான் பிடிக்கவேண்டும், கிட்டப் பிடித்தால் இரையும். ஒரு மாதத்து மருந்தையும் நான் காற்றுக்குக் கொடுத்திருக்கிறேன். "நானும் பாத்தனான், இவர் என்ன சாமிக்குப் பன்னீர் தெளிக்கிறாரோ எண்டு" என்றாள் மனைவி. பார்த்துக்கொண்டு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்ல இடைவெளி கிடைக்கவில்லை என்றாள். டொக்டர் ஒரு பிளாஸ்ரிக் போத்தலின் அடியில் துவாரம் போட்டுப் பம்மை அதில் செருகி, போத்தல் வாயை என் வாய்க்குள் வைத்துப் பழக்கினார். சோடாப் போத்தலில் சோடாவைத் தவிர எல்லாம் குடித்த எனக்கு இதுவும் ஒரு பாடம்.

மருந்து உள்ளே போகத் தொடங்கியதும் நெஞ்சு இளகியது. காலையில் வயல் வரம்பில் நின்று கொக்குகளுக்கு அறிவிப்புச் செய்து பழகினேன். கொக்குகள் எழும்பிப் பறந்தன. அதை நான் கைதட்டலாக எடுத்துக்கொண்டேன். டொக்டர் சொன்னபடி நிறுத்தி நிறுத்தி அல்ல, ஒரே மூச்சில்தான். இளகின நெஞ்சு இன்னும் நிறையக் கொள்ளும் என்பது என்னுடைய கணக்கு.

சவாரி நாள் வந்தது. புதுக்குடியிருப்புத் தம்பி முதற்போட்டிகளைச் செய்தார். நல்ல பிள்ளை. வேண்டிய இடத்தில் மூச்சு எடுத்தார், வேண்டாத இடத்தில் வாயை மூடினார். அதெல்லாம் ஒரு அறிவிப்பா என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டேன். மச்சானின் சோடி வழமைபோலப் பனையடியில் சரிந்து, வழமைபோல வென்று, கடைசிப் போட்டிக்கு வந்தது. மச்சான் ஓடிவந்து என் கையைப் பிடித்தான். "மச்சான், இனி உன்ர கையிலதான் இருக்கு. பனையடியில மட்டும் விட்டிடாத."

ஜெனரேற்றருக்குப் பின்னால் ஒளிந்து பம் அடித்துவிட்டு வந்து மைக்கை வாங்கினேன். குழுவினர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். புழுதி எழும்பிக்கொண்டிருந்தது. படபடப்பில் மூச்சு எடுத்தேன். அதன்மேல் இன்னொன்று. கொடி உயர்ந்ததும் அதற்கும் மேல் ஒன்று. கொடி விழுந்தது, தொடங்கினேன்.

நல்லாகத்தான் தொடங்கினேன். வேலிக்கரையில் பொடியளின் "ஊ" எழும்பியது. கால்வாசித் திடல் போயிருக்கும். நெஞ்சு பறைபோல நிரம்பி நின்றது, சொல் நுனிநாக்கில் நின்றது, ஆனால் ஒரு சொட்டுக் காற்று வெளியே வரவில்லை. கண் இருண்டது. தம்பி நிலைமையைக் கண்டு கையை நீட்டினார். மைக்கைக் கொடுத்திருக்கலாம். குழுவோடு பேச்சும் அப்படித்தான் இருந்தது. நான் கொடுக்கவில்லை. வேறொன்றுமில்லை, ரோசம். ஆனால் என் இழுப்புச் சத்தம் ஹோர்ன் வழியாக ஊருக்கெல்லாம் கேட்கும் என்ற வெட்கத்தில் சுவிட்சை மட்டும் அணைத்தேன். வெட்கம் இருக்கக்கூடாது என்று முதலில் சொன்னேனே, அன்றைக்குத்தான் அது எனக்கு முதன்முதலாக வந்தது.

திடலில் அவ்வளவு ஹோர்னும் செத்துப்போயின. கரண்ட் போய்விட்டது என்று யாரோ கத்தினார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. உதட்டைக் குவித்தேன். தேத்தண்ணி ஆற்றினேன். மெதுவாக, மிச்சம் பிடிக்காமல்.

காற்று போகப் போக ஒரு சத்தம் கேட்டது. முதலில் என் நெஞ்சுதான் என்று நினைத்தேன். குளம்புச் சத்தம். எட்டு மாட்டுக்கால்கள் ஒரு பக்கம், எட்டு மாட்டுக்கால்கள் மறுபக்கம், கீழே நிலம் மெல்ல அதிர்ந்தது. இத்தனை வருடமாக இந்தத் திடலில் நின்றவன், மாடு ஓடுகிற சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பனையடி வந்தது. வெள்ளை நாம்பன் சரியவில்லை. தலையைக்கூடத் திருப்பவில்லை. நேரே போய், எதிரியை ஒரு வண்டில் நீளம் பிந்தவிட்டு, கோட்டைத் தாண்டியது.

அப்போது எனக்குள் மூச்சு தானாக வந்தது. இழுக்கவில்லை, வந்தது. சுவிட்சைப் போட்டு, "வெள்ளையும் சிவலையும்" என்று மட்டும் சொன்னேன். பிறகு மைக்கைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, ஒருவர் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்கு வந்து படுத்தேன். மச்சானுக்கு வெற்றி, எனக்கு முடிந்தது என்று நினைத்தேன். அழுதேன். மனைவி பக்கத்தில் இருந்து முதுகைத் தடவினாள்.

பின்னேரம் மச்சான் வந்தான். வென்ற மாலையோடு வந்தவன் முகத்தில் சந்தோசத்தைவிட யோசனைதான் கூட இருந்தது.

"மச்சான், அந்தப் பனையில ஹோர்ன் கட்டி எத்தினை வருசம்?"

"எனக்கென்ன தெரியும்? நீதானே கட்டச் சொன்னனீ, மாட்டுக்குக் கேக்கட்டும் எண்டு."

"மாட்டுக்குக் கேட்டிருக்கு, மச்சான்" என்றான். "வடிவாக் கேட்டிருக்கு."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். வெட்டின எலுமிச்சம்பழங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. அம்மனுக்கு வைத்த நேர்த்தி ஞாபகத்துக்கு வந்தது. பனையில் இருந்த முனி நான்தான்.

சில நாட்களில் குழுவினரும் வந்தார்கள். கையில் வெத்திலைத் தட்டம். பனை ஹோர்ன் விசயம் மச்சான் வாயால் பரவி, மற்ற மாட்டுக்காரர்களும் சேர்ந்து கேட்டார்களாம். வண்டில் நிரைக்கு வரும்போது ஊர்ப்பேர் சொல்வதற்கும், வென்றவனைப் புகழ்வதற்கும் இந்தப் பக்கத்தில் என்னைப்போல ஆள் இல்லை. ஆகவே மைக் எனக்குத்தான்.

"ஒரே ஒரு நிபந்தனை, அண்ணை. மாடு ஓடேக்க மட்டும் வாய் திறக்கக்கூடாது."

மனைவி தேத்தண்ணீர்த் தட்டோடு குசினி வாசலில் நின்றாள். "கலியாணம் கட்டின நாளில இருந்து நான் கேட்டது நடக்கேல்லை. மாடு கேட்க நடக்குது" என்றாள். வெத்திலையை வாங்கிக்கொண்டேன்.

இந்த வருடச் சவாரியில் பனையில் ஹோர்ன் இல்லை. கொடி விழுந்ததும் நான் சுவிட்சை அணைத்துவிட்டு, உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டு நிற்கிறேன். பொடியள் விளையாட்டை விடவில்லை. நான் பேசாவிட்டால் என்ன, வேலிக்கரையில் வரிசையாக நின்று அவர்களும் என்னோடு ஊதுகிறார்கள். நல்ல நெஞ்சுப் பிள்ளைகள், தள்ளின கையோடு மூச்சு முடிந்துவிடுகிறது. வண்டில் பனையைத் தாண்டும்போது ஒவ்வொருவனாக வாயைப் பிளக்கிறான். என்னுடையது மட்டும் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது. அது என் நோயின் குணம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இன்றைக்கும் அந்தத் திடலில் என்னை வெல்ல ஆளில்லை.